கைத்தொழில் காத்த கமலாதேவி அம்மையார்

மக்களுக்கு இன்றியமையாதவை உணவும் உடையும் உறையுளும் ஆகும். அவற்றுள் உடை மானத்தைக் காப்பதோடு அமையாது, அணிவாருடைய அழகுணர்ச்சியையும் புலப்படுத்துவது. வெண்ணிறத் துணியை உடுத்த அளவில் மக்கள் உள்ளம் நிறைவு பெறவில்லை. அதன்மேல் பூவும் கொடியும் பறவையும் வரைந்தார்கள். மரக்கட்டையில் உருவம் செதுக்கி, வண்ணத்தில் தோய்த்து, அச்சிட்டு மகிழ்ந்தார்கள். இழை போன வழி கண்ணுக்குப் புலனாகாத நுண்மையும் பூவேலைப்பாடும் வாய்ந்த ஆடை பண்டைநாளிலேயே தமிழகத்தில் வழங்கிற்று என்பதனைப் பொருநராற்றுப்படையால் அறிகின்றோம்.

சேலத்து வெண்பட்டும், இராசிபுரத்துப் பட்டும், இளம்பிள்ளைச் சேலையும் இன்றும் நாடறிந்தவை. ஆதலால், நாமக்கல்லை அடுத்த எருமப்பட்டி போன்ற ஊர்களில் வாழும் பிள்ளைகளுக்கு நெசவும் சாயமும் கேட்டறியாத செய்திகள் அல்ல. ஆயினும், துணியில் கையால் வண்ணம் தீட்டும் கலை ஒருகாலத்தில் மறைந்தொழியும் நிலையை அடைந்தது என்பதையும், அதனை மீட்டுத் தந்தவருள் தலைசிறந்தவர் ஒரு பெண்மணியார் என்பதையும் பலர் அறியார். அவரே கமலாதேவி சட்டோபாத்தியாயர். அவர்தம் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கமலாதேவி அம்மையார் 1903 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 3 ஆம் நாள் மங்களூரில் பிறந்தார். அந்நகர் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் அனந்தையா தாரேசுவரர் அரசாங்கத்தில் உயர்பதவி வகித்தவர். தாயார் கிரிஜாபாய் கல்வி நலமும் துணிவும் ஒருங்கே வாய்ந்தவர்.

அம்மையாருக்கு ஏழு வயது அளவில் தந்தையார் காலமானார். அவர் இறுதிமுறி எதுவும் எழுதி வைத்திலர். அக்காலத்துச் சட்டப்படி மனைவிக்கும் மகளுக்கும் சொத்தில் உரிமை இல்லை. உடைமை யாவும் மூத்தாள் மகனைச் சேர்ந்தன. தாயாருக்குத் திங்கள்தோறும் ஒரு தொகை தருவதாக அவர்கள் முன்வந்தனர். கிரிஜாபாய் அதனை ஏற்க மறுத்துத் தம் சீதனப் பொருளைக் கொண்டே மகளை வளர்த்தார். உரிமையாக வாராத பொருளைக் கருணையாகப் பெறலாகாது என்னும் உறுதி சிறுமியின் நெஞ்சில் அன்றே வேரூன்றியது. பிற்காலத்தில் அவர் கைவினைஞர்களுக்குப் பிச்சையாக எதுவும் வழங்காமல், உழைப்பிற்கேற்ற விலையையே தேடித் தந்தமைக்கு இதுவே வித்து எனலாம்.

அக்கால வழக்கப்படி 1917 ஆம் ஆண்டில், பதினான்காம் வயதில், அவருக்குத் திருமணம் நடந்தது. இரண்டே ஆண்டுகளில் கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டின் மூலையில் அடங்கிக் கிடந்த காலம் அது. ஆனால் தாயாரின் துணையால் அவர் படிப்பைத் தொடர்ந்தார். சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் பயின்றார். அங்குச் சரோஜினி தேவியாரின் இளவலாகிய அரீந்திரநாத சட்டோபாத்தியாயரை அறிந்து மணந்துகொண்டார். கைம்பெண் மறுமணத்தைப் பெரும் பிழையாகக் கருதியோர் அன்று பலர். அவர்தம் ஏச்சையும் பேச்சையும் அம்மையார் பொருட்படுத்தவில்லை. பின்னர் இலண்டன் சென்று பெட்போர்டு கல்லூரியில் சமூகவியல் கற்றார். அம்மணவாழ்வு பிற்காலத்தில் முறிந்ததெனினும், அவர் தம் ஒரே மைந்தரை வளர்த்துக்கொண்டே பொதுத்தொண்டில் நிலைத்து நின்றார்.

நாட்டுத் தொண்டு

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் அம்மையாரைத் தாயகத்திற்கு அழைத்தது. அவர் சேவாதளத்தில் சேர்ந்து பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். 1926 ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபைத் தேர்தலில் போட்டியிட்டார். இந்தியாவில் சட்டசபைத் தேர்தலில் நின்ற முதற்பெண்மணி இவரே. மிகச் சில வாக்குகளால் வெற்றியை இழந்தாரேனும், பெண்கள் தேர்தலில் நிற்பதற்கு வழி திறந்துவிட்டார். அடுத்த ஆண்டில் தோன்றிய அனைத்திந்திய மாதர் மாநாட்டின் அமைப்புச் செயலாளராகவும் தொண்டாற்றினார்.

1930 ஆம் ஆண்டில் உப்பு அறப்போர் தொடங்கியபொழுது, தண்டி யாத்திரையில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளக் காந்தியடிகள் முதலில் எண்ணவில்லை. அம்மையார் அவரைக் கண்டு பேசிப் போராட்டத்தில் பெண்களுக்கும் இடம் பெற்றுத் தந்தார். பம்பாயில் தடையை மீறிக் காய்ச்சிய உப்பைப் பொட்டலமாகக் கட்டிப் பங்குச் சந்தைக்குள்ளேயே புகுந்து விற்றுச் சிறை புகுந்தார். அதன் பின்னும் விடுதலைப் போரில் பன்முறை சிறைவாசம் செய்தார்.

இங்ஙனம் தொண்டு செய்தவர் நாடு விடுதலை பெற்றதும் பதவியை நாடியிருக்கலாம்; ஆனால் அவர் அதனை விரும்பவில்லை. கதரியக்கம் அவருக்கு ஓர் உண்மையை உணர்த்தியிருந்தது. 1925 ஆம் ஆண்டில் இராசாசி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, வறண்ட நிலத்து மக்களுக்கு நூற்பையும் நெசவையும் பிழைப்பாக்கித் தந்தார். இத்தகைய முயற்சிகளால், கைத்தொழில் வாழுமாயின் சிற்றூர் வாழும் என்பது நாட்டிற்குப் புலனாயிற்று. நெசவுக்கு மட்டுமன்றி, மண்ணும் மரமும் உலோகமும் வண்ணமும் கொண்டு செய்யும் எல்லாக் கைவினைக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்று கமலாதேவி அம்மையார் கண்டார். எஞ்சிய வாழ்நாளை அப்பணிக்கே ஒப்படைத்தார்.

அச்சிட்ட துணியின் பழம்பெருமை

அவர் மீட்ட கலைகளுள் ஒன்று கலங்காரி. கலம் என்பது பாரசீக மொழியில் எழுதுகோலைக் குறிக்கும். காரி என்பது வேலைப்பாடு. எழுதுகோலால் துணியில் வண்ணந் தீட்டுவதே கலங்காரி ஆகும். திருக்காளத்தியில் கையால் வரைவர்; மசூலிப்பட்டினத்தில் அச்சுக்கட்டையால் பதிப்பர். தமிழகத்தில் கும்பகோணத்தை அடுத்த ஊர்களில் கோயில் மேற்கட்டிகளுக்கும் தேரில் தொங்கவிடும் தொம்பைகளுக்கும் இவ்வாறே வண்ணந் தீட்டினர்.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து வண்ணத்துணிகள் கப்பல் கப்பலாகச் சென்றன. வாங்குவோர் விருப்பம் எதுவோ, அதற்கேற்பவே நம் கைவினைஞர் உருவமைத்தனர். சயாம் அரசவைக்கு ஒருவகை, பாரசீகத்திற்கு ஒருவகை, கீழைத்தீவுகளுக்கு வேறொருவகை என்று பிரித்து வரைந்தனர். ஐரோப்பிய வணிகர் தம் நாட்டிலிருந்து மாதிரிகளை அனுப்பி, அவற்றைப் போலவே வரைவித்துப் பெற்றனர். நாம் சீட்டி என்று வழங்கும் துணிக்கு அங்கே பெருமதிப்பு உண்டாயிற்று. அதனால் தங்கள் பிழைப்புக் கெட்டதென அந்நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் முறையிட்டனர். பிரான்சு 1686 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 1700 ஆம் ஆண்டிலும் பின்னர் 1721 ஆம் ஆண்டிலும் இத்தகைய துணிகளைத் தடுத்துச் சட்டம் இயற்றின. நம் கைவினைஞர் திறத்துக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கலை நலிந்த கதை

இத்துணைப் புகழ்பெற்ற கலை நலிந்ததற்குக் காரணங்கள் பல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருளையால் அச்சிடும் பொறி இங்கிலாந்தில் தோன்றியது. கையால் பல நாள் செய்த வேலையைப் பொறி சில மணிநேரத்தில் முடித்தது. 1856 ஆம் ஆண்டில் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர்ச் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் இரசாயனச் சாலைகளில் உருவாயின. வேரைத் தோண்டியவரும் அவுரியை விளைத்தவரும் தொழிலை இழந்தனர்.

வாங்குவோர் மறைந்தால் கலையும் மறையும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. கோடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பத்திற்கெனச் சேலைகள் செய்தனர். பொற்சரிகையை ஊடுவிட்டு நெய்து, மெழுகிட்டுச் சாயந் தோய்த்து, கையால் வண்ணந் தீட்டிய அருமை வாய்ந்த சேலைகள் அவை. 1855 ஆம் ஆண்டில் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அரண்மனை வாங்குதல் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அச்சேலைத் தொழிலும் நின்றது. அச்சேலைகளை இன்று அருங்காட்சியகங்களிலேதான் காணலாகும்.

திருக்காளத்தியிலும் இந்நிலையே நெருங்கிற்று. 1950களில் அங்கு இக்கலை அறிந்த குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாய்க் குறைந்தன. முதியோர் மறைந்தால் அவரோடு முறையும் மறையும். சாயம் காய்ச்சும் பக்குவம் ஏட்டில் எழுதப்பட்டது அன்று. கையிலும் கண்ணிலும் தங்கியிருப்பது. ஒரு தலைமுறை கற்காது விட்டால் மறுதலைமுறை அதனைத் தேடிப் பெறுதல் அரிது.

கூட்டுறவும் அங்காடியும்

1947 ஆம் ஆண்டில் நாடு பிரிவினையுற்றபோது இலட்சக்கணக்கான மக்கள் வீடு வாசல் இழந்து வந்தனர். அவர்களுக்கு உதவுவதற்காக அம்மையார் 1948 ஆம் ஆண்டில் இந்தியக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தில்லியை அடுத்த பரீதாபாத்தில் அகதிகள் தாமே உழைத்துத் தமக்கு ஒரு நகரம் அமைத்துக்கொள்ளத் துணைபுரிந்தார். தறியும் தையலும் பிற தொழில்களும் அவர்களுக்கு வாழ்வளித்தன.

தில்லியில் அரசாங்கம் நடத்திய குடிசைத்தொழில் அங்காடி 1952 ஆம் ஆண்டில் இச்சங்கத்தின் பொறுப்பில் விடப்பட்டது. நாட்டின் பல மூலைகளிலும் செய்த கைவினைப் பொருள்கள் அங்கு வந்து குவிந்தன. நகரத்தார் கைவினைப் பொருளை இரக்கத்தால் வாங்கும் நிலை மாறி, அழகும் உறுதியும் கண்டு விரும்பி வாங்கும் நிலை பிறந்தது. அவ்வாண்டிலேயே அனைத்திந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைந்தது. அம்மையார் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு நடத்தினார். கைவினைஞர் வாழும் சிற்றூர்களுக்குத் தாமே சென்றார். அவர்களுடைய திண்ணையில் அமர்ந்து அவர்தம் குறைகளைக் கேட்டார்.

காளத்திப் பயிற்சிப் பள்ளி

1950களின் பிற்பகுதியில் அம்மையாரின் முயற்சியால் திருக்காளத்தியில் கலங்காரிப் பயிற்சி நிலையம் ஒன்று தோன்றியது. அக்கலையில் வல்லவரான சொன்னலகட்டா இலட்சுமையா அங்கு ஆசிரியராக அமர்ந்தார். குடும்பத்திற்குள்ளேயே மறைவாகக் காத்துவந்த முறைகளைப் பிற மாணவருக்கும் கற்பித்தார். அவர்தம் மைந்தர் குரப்பச் செட்டியார் கலங்காரியில் பெரும்புகழ் எய்தி, 2008 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முன்னாளில் காளத்தித் துணிகளில் இராமாயண, பாரதக் காட்சிகளே மிகுதியும் இடம்பெற்றன. அவை கோயில்களில் தொங்கும் பெருந்திரைகள். கோயில் தேவை குறைந்த காலத்தில் அவற்றை மட்டும் வரைந்து பலர் பிழைத்தல் இயலாது. ஆகவே சேலை, விரிப்பு, மேலாடை, திரைச்சீலை முதலியவற்றிலும் கலங்காரி இடம்பெறலாயிற்று. ஈண்டு ஒரு சிக்கல் எழுந்தது. வாங்குவோர் விரும்பியபடியெல்லாம் மாற்றினால் கலை தன் இயல்பை இழக்கும். சிறிதும் மாற்றாவிட்டால் கலைஞர் பட்டினி கிடப்பர். பொருளின் பயனும் அளவும் காலத்திற்கேற்ப மாறலாம், ஆனால் கைத்திறனும் சாயத்தின் தூய்மையும் மாறலாகா என்பதே அம்மையார் கைக்கொண்ட நெறி. இந்நெறியே இக்கலையை வாழ்வித்தது.

வண்ணம் தீட்டும் முறை

இக்கலையின் அருமையை உணர, அதன் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். முதலில் வெளுக்காத பருத்தித் துணியைச் சாணநீரில் ஊறவைத்து அலசி உலர்த்துவர். பின்னர்க் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்ப்பர். பாலிலுள்ள கொழுப்பு, சாயம் இழைவழியே பரவாமல் தடுக்கும். கடுக்காயின் துவர்ப்பு, சாயத்தைப் பற்றிக்கொள்ளும்.

எழுதுகோல் என்பது கூராகச் சீவிய மூங்கிற்குச்சி. அதன் நடுவில் கம்பளி நூலையோ துணியையோ சுற்றியிருப்பர். அது சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்த, சாயம் முனைக்கு இறங்கும். இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் பல நாள் ஊறவைத்து ஒரு நீர்மம் செய்வர். அதனைத் துணியில் தீட்டியதும் கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கருநிறமாகும். ஓரக்கோடுகள் எல்லாம் இதனால் வரைவனவே.

சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைப் பூசுவர். மறுபடி ஓடும் நீரில் துணியை அலசுவர். தேங்கிய நீரில் அலசினால், மிஞ்சிய படிகாரம் வேறிடங்களில் படிந்து கறையாக்கும். ஆதலால் திருக்காளத்தியார்க்குச் சுவர்ணமுகி ஆறு தொழிற்கூடம் போன்றது. பின்னர்ச் சாயவேர் இட்ட நீரில் துணியைக் கொதிக்க வைத்தால், படிகாரம் பூசிய இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். அதன்பின் மஞ்சளையும் நீலத்தையும் தீட்டுவர். நீலத்தின்மேல் மஞ்சள் பட்டால் பச்சை பிறக்கும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் இடையே அலசுதலும் வெயிலில் உலர்த்துதலும் உண்டு. அவசரம் கொள்வார்க்கு இக்கலை வசப்படாது.

அச்சுக்கட்டை முறையிலும் உழைப்புக் குறைவில்லை. ஒரே பூவில் மூன்று நிறம் இருப்பின் மூன்று கட்டைகள் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று சிறிதும் விலகாது பதிதல் வேண்டும். கண்ணும் கையும் ஒருமித்தாலன்றி அது கைகூடாது.

பிற தொண்டுகளும் பெற்ற சிறப்பும்

அம்மையாரின் பணி கலங்காரியோடு நிற்கவில்லை. பொம்மை, கம்பளம், பூத்தையல், மட்பாண்டம் முதலிய பல கைவினைகளும் அவரால் ஆக்கம் பெற்றன. 1964 ஆம் ஆண்டில் சென்னையில் இந்தியக் கைவினைக் கழகத்தை நிறுவினார். அவ்வாண்டிலேயே நியூயார்க்கில் உலகக் கைவினைக் கழகம் தோன்றுவதற்கும் உறுதுணையாயிருந்தார். 1965 ஆம் ஆண்டு முதல் சிறந்த கைவினைஞர்க்கு நாட்டின் விருதுகள் வழங்கப்படலாயின. பெயரறியாமல் வாழ்ந்து மறைந்த கைவினைஞர் மரபில் வந்தவர்கள் அதனால் பெயரும் பெருமையும் பெற்றனர். 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் இயற்கைச் சாயமிட்டுக் கலங்காரி செய்யும் பிரிவு அமைந்ததற்கும் அவர்தம் ஊக்கம் காரணமாயிற்று. நாடகக் கலையின் வளர்ச்சிக்கும் அவர் ஆற்றிய தொண்டு பெரிது.

1955 ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும், 1966 ஆம் ஆண்டில் மகசேசே விருதும், 1987 ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. 1988 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29 ஆம் நாள், தம் எண்பத்தைந்தாம் வயதில், பம்பாயில் இயற்கை எய்தினார்.

நாம் கொள்ளத்தக்கது

அம்மையார் வளர்த்த கைவினைப் பொருள் வாரியம் 2020 ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. நிறுவனங்கள் தோன்றும், மறையும். ஆனால் அவர் மீட்ட கலை வாழ்கின்றது. திருக்காளத்திக் கலங்காரி புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. எனினும் இடர் முற்றும் நீங்கியபாடில்லை. பொறியால் ஒருநாளில் ஆயிரம் கசம் அச்சிட்டு, அதனையும் கலங்காரி என்று சொல்லி விற்போர் உளர். கைவினைஞர் ஒரு சேலைக்குப் பல வாரம் உழைக்கின்றார். இரண்டும் ஒருபெயரால் கடையில் கிடக்கும்பொழுது, அறியாதார் விலை குறைந்ததையே எடுப்பர். அறியாமை ஒன்றே ஒரு கலையை அழிக்கப் போதுமானது.

மாணவர்களே! கையால் செய்த துணியை அறிந்துகொள்ள வழி உண்டு. கட்டை பதிந்த இடத்தில் கோடு சிறிதே விலகியிருக்கும். ஒரு பூப்போல மறுபூ முற்றும் ஒத்திராது. வண்ணத்தின் அழுத்தம் இடத்துக்கிடம் வேறுபடும். இவற்றைக் குறையென்று கருதலாகாது. ஒரு மனிதனின் கை அங்கே இயங்கியது என்பதற்கு அவை சான்றாகும். பொறிச்சேலையை வாங்கலாகாது என்பதன்று நாம் கூறுவது. இரண்டும் ஒன்றல்ல என்று அறிந்து, அதனதற்குரிய விலையை மதித்தலே அறிவுடைமை.

செல்வக் குடியில் பிறந்தும் சொத்தை இழந்து, இளமையிலேயே கைம்மையுற்று, சிறை பல கண்ட ஒரு பெண்மணியார், பதவியை நாடாது கைவினைஞரின் குடிசையை நாடிச் சென்றார். சாயக்கறை படிந்த கைகளை நாடு மதிக்குமாறு செய்தார். நாம் உடுக்கும் உடையில் ஒரு சிறு பூவைக் காணும்போதும், அதனை வரைந்தவர் யாவர், அவர் உழைப்பிற்கு உரிய கூலி சென்றதா என்று எண்ணிப் பார்ப்போமாயின், அவ்வெண்ணமே கமலாதேவி அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.